சத்தம் வேறு, சேனல் வேறு

1990-களின் நடுவில் தமிழ்நாட்டுத் தியேட்டர் வாசல்களில் படத்தின் பெயருக்குப் போட்டியாக ஓர் ஒலிமுறையின் பெயர் பெரிய எழுத்தில் ஏறியது: டிடிஎஸ். ‘குருதிப்புனல்’ 1995-ல் டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் ஒலியோடு வந்தது. மறு வருஷம் ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் படம் என்ற விளம்பரத்தோடு வந்தது. பிறகு, ‘அந்தத் தியேட்டர் டிடிஎஸ்ஸா?’ என்று விசாரித்துவிட்டு டிக்கெட் எடுக்கும் பழக்கம் ஊருக்கு ஊர் பரவியது. கல்யாண வீட்டு மைக்செட்காரர்கள்கூடப் பெட்டியின் முகப்பில் அந்த எழுத்துகளை வரைந்துகொண்டார்கள். ஜனங்களுக்கு அது ஒரு புது அனுபவத்தின் பெயராக இருந்தது. திரையில் இல்லாத கதவொன்று முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட, கூட்டமே கழுத்தைத் திருப்பிப் பார்த்த அனுபவம் அது.

அந்தக் காலத்தில் நான் சென்னை ரிச்சி தெருவில், ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்யும் ஒரு கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். எஸ்டிகே ஐசி போட்ட ஸ்டீரியோ ஆம்ப்தான் அதுவரை எங்களுக்குச் சோறு போட்டது. திடீரென்று வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்க ஆரம்பித்தார்கள்: “அண்ணே, தியேட்டர் மாதிரி பின்னாடியும் சத்தம் வரணும்.” தெருவில் பல பேர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 4558 ஐசியில் ஒரு ஃபில்டர் போட்டு அடிச்சத்தத்தை மட்டும் பிரித்து சப் ஊஃபருக்கு விடுவது. இடது வலது இரண்டையும் கலந்து சென்டருக்கு. அதே இடது வலதை இன்னொரு தடவை பின்னால் இருக்கும் பெட்டிகளுக்கு. ஆறு ஆம்ப் போர்டு, ஆறு ஸ்பீக்கர், முகப்பில் ‘5.1’ என்று ஒரு ஸ்டிக்கர். அப்போது அது நன்றாக விற்றது.

எங்கள் கடை அண்ணன் அந்த ஸ்டிக்கரை மட்டும் ஒட்ட மாட்டார். “கேக்குறவங்களுக்கு ஆறு ஸ்பீக்கர் வெச்சுக் குடு. அஞ்சு புள்ளி ஒண்ணுன்னு எழுதிக் குடுக்காத” என்பார். எனக்கு விளங்கவில்லை. ஒரு மத்தியானம், வியாபாரம் ஓய்ந்த நேரத்தில், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். டேப் டெக்கில் ‘ப்ரியா’ கேசட்டைப் போட்டார். 1978-ல் வந்த படம், ஸ்டீரியோவில் பதிவான பாட்டுகள். இரண்டு ஸ்பீக்கரிலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து, அதன் ஒரு வயரை ஆம்ப்பின் இடதுபக்கச் சிவப்பு முனையிலும் இன்னொரு வயரை வலதுபக்கச் சிவப்பு முனையிலும் செருகினார். கறுப்பு முனைகளைத் தொடவே இல்லை. “காதுல வெச்சுப் பாரு” என்றார்.

பாடுகிற குரலைக் காணோம். அடிக்கும் தபேலாவும் பேஸ் கிதாரும் ஏறக்குறைய காணோம். ஓரத்தில் வாசித்த வயலின்கள் இருந்தன. குரலுக்குப் பின்னால் ஒலிப்பதிவுக்கூடத்தில் சேர்த்திருந்த எதிரொலி இருந்தது. மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அத்தனை வருஷம் கேட்ட பாட்டுக்குள் இப்படி ஒரு பாட்டு ஒளிந்திருந்தது என்று தெரிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

காரணம் எளிமையானது. பாடகர் குரல் இடதிலும் வலதிலும் ஒரே அளவில் இருக்கிறது. இரண்டு சிவப்பு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் ஏறி இறங்கினால் நடுவில் மாட்டிய ஸ்பீக்கருக்குக் கிடைப்பது பூஜ்யம். இரண்டு பக்கமும் வேறுபடுகிற ஒலி மட்டுமே அதில் கேட்கும். “ரெண்டுலயும் ஒண்ணா இருக்கிறது நடுவுக்கு. ரெண்டுலயும் எதிரும் புதிருமா இருக்கிறது பின்னாடிக்கு. டால்பிக்காரன் செஞ்சது இதுதான், அவன் ஒழுங்கா கணக்குப் போட்டு செஞ்சான்” என்றார் அண்ணன். “சத்தம் வர்றது வேற தம்பி, சேனல் வர்றது வேற. எத்தனை ஸ்பீக்கர்ல வேணா சத்தத்தை வரவைக்கலாம். எழுதாத சேனலை எவனாலயும் வரவைக்க முடியாது.” (இதை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பிரிட்ஜ் முறையில் இயங்கும் இன்றைய ஆம்ப்புகளில் இப்படி மாட்டினால் ஐசி போய்விடும்.)

பிறகு இந்தத் துறையில் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு பேச்சின் விரிவுதான். தியேட்டரில் டால்பி ஸ்டீரியோ என்று வந்தது இரண்டே தடங்கள். அதற்குள் இடது, நடு, வலது, பின்புறம் என நான்கையும் மடித்து வைத்திருந்தார்கள். நடுவுக்கு உரியதை இரண்டு தடத்திலும் ஒரே திசையில், பின்புறத்துக்கு உரியதை எதிரெதிர் திசையில். அதைப் பிரித்தெடுக்கும் டீகோடர் 1987-ல் ‘புரோ லாஜிக்’ என்ற பெயரில் வீட்டுக்கு வந்தது. அதில் பின்புறம் ஒற்றைச் சேனல்தான். அதிலும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. 2000-ல் வந்த ‘புரோ லாஜிக் 2’ அதை முழு அலைவரிசையில் இடது பின், வலது பின் என்று இரண்டாக்கியது. பழைய இளையராஜா பாட்டுகளுக்கு அதன் மியூசிக் மோடைப்போல இதமான ஒன்றை நான் கேட்டதில்லை. இது என் சொந்த ருசி.

டால்பி கம்பெனியை நிறுவிய ரே டால்பிக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராகச் சண்டிகரில் இருந்த மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். டேப்பில் கேட்கும் ‘உஸ்’ இரைச்சலை அடக்கும் யோசனை அவருக்கு இங்கே இருந்தபோதுதான் உருவானது. 1965-ல் லண்டனுக்குப் போய்க் கம்பெனி தொடங்கினார். நம் வீட்டு டேப் டெக்குகளில் ‘டால்பி என்ஆர்’ என்று ஒரு பொத்தான் இருந்ததே, அதன் மூலம் அதுதான். பதியும்போது மெல்லிய உச்ச ஒலிகளைத் தூக்கிப் பதிந்து, கேட்கும்போது அதே அளவு இறக்கினால், கூடவே இரைச்சலும் இறங்கிவிடும். நம் ஆட்கள் அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு, “சத்தம் மங்குது” என்று எடுத்துவிடுவார்கள். டால்பி முறையில் பதியாத கேசட்டுக்கு அதை அமுக்கினால் மங்கத்தான் செய்யும். என்கோட் செய்யாததை டீகோட் செய்யும் இந்தத் தப்பு கேசட் காலத்தில் தொடங்கி இன்று ஒன்றரை லட்ச ரூபாய் ஹோம் தியேட்டர் ரிசீவர் வரை தொடர்கிறது.

டிவிடி வந்ததும் நிலைமை மாறியது. அதற்கு முன் விசிடி. அதில் இருந்தது இரண்டு சேனல் மட்டும், ஸ்டிக்கர் 5.1-களின் பொற்காலம் அதுதான். டிவிடியில் ஆறு சேனல்களும் தனித்தனியாக வந்தன. 16 பிட் அளவில் ஆறு சேனலையும் சுருக்காமல் எழுதினால் விநாடிக்கு 4,608 கிலோபிட் ஆகும். டால்பி டிஜிட்டல் அதை 448 கிலோபிட்டுக்குள் அடைக்கிறது, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. உரத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதன் பக்கத்து அலைவரிசையில் உள்ள மெல்லிய ஒலி காதுக்கு எட்டாது. எட்டாததை எழுதாமல் விடலாம் என்பது அதன் கணக்கு. டிடிஎஸ் அவ்வளவு கடுமையாகச் சுருக்காது. டிவிடியில் அதன் முழு அளவு விநாடிக்குச் சுமார் 1,509 கிலோபிட். பல தட்டுகளில் பாதி அளவான 754.

இந்த எண்களை வைத்துக்கொண்டு ரிச்சி தெருவில் நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. ஒரே தட்டில் டால்பி தடமும் டிடிஎஸ் தடமும் இருக்கும். மாற்றிப் போட்டால் டிடிஎஸ் ஓங்கி அடிக்கும். “பாத்தியா, டிடிஎஸ்தான் டாப்பு” என்று தீர்ப்பாகிவிடும். உண்மையில் நடப்பது வேறு. டால்பி தடத்துக்குள் ‘டயலாக் நார்மலைசேஷன்’ என்று ஒரு எண் எழுதியிருக்கும். படத்துக்குப் படம் பேச்சின் உரப்பு ஒரே அளவில் இருக்க, ரிசீவர் அந்த எண்ணைப் பார்த்து மொத்தச் சத்தத்தையும் இறக்கும். பல படங்களில் இந்த இறக்கம் 4 டெசிபல். டிடிஎஸ் தடத்தில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. டால்பிக்கு வால்யூமை 4 டெசிபல் ஏற்றிவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று நான் சொன்ன பலருக்கு வித்தியாசம் தெரியாமல் போனது. எனக்கும் பல படங்களில் தெரியவில்லை. ப்ளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் ஸ்டுடியோவில் எழுதியதைத் துளியும் இழக்காமல் திருப்பித் தருபவை. அவற்றில் எது உசத்தி என்று கேட்பதற்கே இடமில்லை.

அட்டையில் 5.1 என்று அச்சடித்து உள்ளே இரண்டு சேனலை வைத்து விற்ற தட்டுகளும் கடைக்கு வந்தன. மூர்மார்க்கெட்டிலிருந்து வந்தவையும் அவற்றில் உண்டு, மரியாதையான கடையில் வாங்கியவையும் உண்டு. ரிசீவரின் முகப்பைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தக் காலத்து ரிசீவர்கள் பலவற்றில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் எழுத்துகள் எரியும்: இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, அவற்றோடு ‘எல்எஃப்இ’. வருகிற சிக்னலில் எந்தச் சேனல் இருக்கிறதோ அந்த எழுத்து மட்டும் எரியும். எல்எஃப்இ என்பது அந்த ‘புள்ளி ஒன்று’. 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இடிக்கும் வெடிக்கும் மட்டும் எழுதப்படும் தனித் தடம். சப் ஊஃபர் அதிர்ந்துகொண்டிருக்கும், எல்எஃப்இ எரியாது. அப்படியென்றால் அந்த அதிர்வு மற்ற சேனல்களிலிருந்து கழித்தெடுத்த அடிச்சத்தம். ஸ்பீக்கரைக் கேட்பதற்கு முன் முகப்பைப் படி என்று நான் பழக்கிய பையன்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

பெரம்பூரில் ஒரு வீடு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் அமெரிக்காவிலிருந்து ரிசீவரும் ஸ்பீக்கர்களும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். 120 வோல்ட் செட் என்பதால் பக்கத்தில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. ஐயா பேச ஆரம்பிப்பதற்கு முன் அம்மா ஆரம்பித்துவிட்டார். “தம்பி, பாட்டு வந்தா வீடே அதிருது. பேசும்போது ஒண்ணுமே காதுல விழல. எனக்கு வயசாயிடுச்சுங்கிறார் இவரு.”

“உங்க காது நல்லாத்தான் இருக்கும்மா, செட்டைப் பாத்துடுவோம்” என்றேன்.

ரிசீவரின் முகப்பில் ‘மல்டி சேனல் ஸ்டீரியோ’ என்று இருந்தது. உள்ளே வரும் சிக்னல் ‘பிசிஎம்’, எழுத்துகளில் இடதும் வலதும் மட்டும் எரிந்தன. அதாவது ஐந்து பெட்டிகளும் ஒரே பாட்டையும் ஒரே பேச்சையும் ஒரே அளவில் கத்திக்கொண்டிருந்தன. பின்னால் உட்கார்ந்திருக்கும் ஸ்பீக்கர் கதாநாயகியின் வசனத்தைப் பேசினால் அது முன்னால் வரும் வசனத்தோடு மோதிக் குழம்பத்தானே செய்யும்? வயர்களைத் தொடர்ந்து போனேன். டிஸ்க் பிளேயரின் எச்டிஎம்ஐ டிவிக்குப் போயிருந்தது. டிவியிலிருந்து ஆப்டிகல் வயர் ரிசீவருக்கு. பார்க்க ஒழுங்கான இணைப்புதான். ஆனால் பழைய டிவிகள் பலவும் எச்டிஎம்ஐ-யில் உள்ளே வாங்கும் ஒலியை ஆப்டிகலில் இரண்டு சேனலாகக் குறுக்கித்தான் வெளியே விட்டன.

பிளேயரின் வயரை நேராக ரிசீவரில் மாட்டி, அங்கிருந்து டிவிக்குப் படத்தை மட்டும் கொடுத்தேன். பிளேயரின் மெனுவில் டிஜிட்டல் அவுட் ‘பிசிஎம்’ என்றிருந்ததை, தட்டில் உள்ளதை அப்படியே அனுப்பும் ‘பிட்ஸ்ட்ரீம்’ ஆக்கினேன். (மலிவு பிளேயர்களில் இதற்கு ‘ரா’ என்று பெயர்.) மல்டி சேனல் ஸ்டீரியோவை எடுத்தேன். முகப்பில் டால்பி டிஜிட்டல் என்று வந்து ஆறு எழுத்துகளும் எரிந்தன. சென்டர் ஸ்பீக்கர் ஷோகேஸ் தட்டில் உள்ளே தள்ளி, முன்னால் கொலு பொம்மைகள் நிற்க, ஒளிந்திருந்தது. 5.1 படத்தில் பேச்சில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு பெட்டியில்தான் வரும். அதை விளிம்புக்கு இழுத்து, அடியில் ஒரு ரப்பர் கட்டை கொடுத்து, சோபாவில் உட்காருபவரின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்தினேன். அதன் அளவை 2 டெசிபல் ஏற்றினேன். அம்மா ஒரு காட்சி முழுக்கக் கண் சிமிட்டாமல் பார்த்தார். பிறகு ஐயாவிடம் திரும்பி, “இப்ப சொல்லுங்க, யாருக்கு வயசாச்சு?” என்றார். புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை.

ஐயாவுக்கு வேறு குறை. இரவு பத்து மணிக்குப் படம் பார்த்தால் பேச்சுக்காக ஏற்றிய சத்தம் சண்டைக் காட்சியில் தெருவையே எழுப்புகிறது. அதற்கு ரிசீவரிலேயே மருந்து உண்டு. ஒரு கம்பெனியில் ‘நைட் மோட்’, இன்னொன்றில் ‘டைனமிக் கம்ப்ரஷன்’, வேறொன்றில் ‘லவுட்னஸ் மேனேஜ்மென்ட்’ என்று பெயர். மெல்லியதைத் தூக்கி உரத்ததை அடக்கும் வேலை அது. அதை இரவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பகலில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடியும் இருமலும் ஒரே அளவில் கேட்கும்.

போகிற வீடுகளில் நான் முதலில் அணைப்பது, ரிசீவரில் உள்ள ‘ஹால்’, ‘ஸ்டேடியம்’, ‘சர்ச்’ போன்ற மோடுகளை. கேட்டவுடன் பிரமாதமாக இருக்கும்; அதனாலேயே யாரும் எடுப்பதில்லை. சென்னையில் எச். ஸ்ரீதர் என்ற ஒலிப்பொறியாளர் இருந்தார். ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’ படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர், 2008 டிசம்பரில் காலமானார். அப்படிப்பட்டவர்கள் இருட்டு அறையில் உட்கார்ந்து, இந்த வரிக்கு இவ்வளவு எதிரொலி போதும், இந்த மழை பின்னாலிருந்து இவ்வளவு வந்தால் போதும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஒரு ஜப்பானியச் சிப்பு இன்னொரு மைதானத்தின் எதிரொலியைக் கொட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. ஸ்ட்ரெய்ட், டைரக்ட் என்று எதுவாக இருந்தாலும் சரி, வந்ததை வந்தபடி விடும் மோடில் வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

ஸ்பீக்கர் செட்டிங்கில் ‘லார்ஜ்’, ‘ஸ்மால்’ என்று வரும் இடத்தில் பெரும்பாலானோர் கௌரவப் பிரச்சினையாக்கிக்கொள்வார்கள். “முப்பதாயிரம் ரூபா பெட்டியை ஸ்மால்னு போடச் சொல்றீங்களே” என்று ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். பெட்டியின் உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்மால் என்றால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தை இந்தப் பெட்டியிடம் தராமல் சப் ஊஃபரிடம் ஒப்படை என்று பொருள். சப் ஊஃபர் இருக்கும் வீட்டில் அதுவே சரி. சின்னப் பெட்டிகள் மூச்சுத் திணறாமல் பேச்சைத் தெளிவாகச் சொல்லும். எண்ணை 80-ல் ஆரம்பித்து, பெட்டி ரொம்பச் சின்னதென்றால் 100, 120 என்று ஏற்றலாம்.

தூரம் என்று கேட்கும் இடத்தில் டேப் வைத்து அளந்துதான் எழுத வேண்டும். ஒலி ஒரு அடி கடக்க ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் எடுக்கும். பின் ஸ்பீக்கர் நாலடியிலும் முன் ஸ்பீக்கர் பத்தடியிலும் இருந்தால், பின்னால் உள்ளதை ஆறு மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால்தான் இரண்டும் சேர்ந்து வந்து சேரும். பின் ஸ்பீக்கர்களை டிவிக்குப் பக்கத்திலேயே அலங்காரமாக அடுக்கி வைத்திருப்பவர்களுக்கு எந்தச் செட்டிங்கும் உதவாது. அவை நம் தோளுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முன்னே டிவியின் நடுவை நேர்க்கோடாக வைத்து 110 டிகிரி வாக்கில் திரும்பினால் கிடைக்கும் இடம். வால்யூம் ஏன் மைனஸில் ஓடுகிறது என்று பலர் கேட்பார்கள். ஒழுங்காக அளந்து அமைத்த செட்டில் பூஜ்யம் என்பது தியேட்டரின் அளவு. வீட்டுக்கு மைனஸ் 25, 30 என்பதே தாராளம்.

இதையெல்லாம் தானாகச் செய்ய இப்போது ரிசீவரோடு ஒரு மைக் வருகிறது. டெனானில் ஆடிசி, யமஹாவில் ஒய்பிஏஓ, பயனீரில் எம்சிஏசிசி. நான் அதை நம்புகிறேன், ஆனால் நம் வீடுகளில் அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. மின்விசிறியை நிறுத்த வேண்டும். அடுப்பில் குக்கர் இருந்தால் விசில் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, தெருவில் ஆட்டோ போகாத நிமிஷம் பார்த்து, மைக்கை யார் கையிலும் கொடுக்காமல், முக்காலியில் காது உயரத்துக்கு நிறுத்தி, எல்லோரும் அறையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஒரு வீட்டில் பாட்டி ஒருவர் வெளியே வராமல் ஊஞ்சலிலேயே உட்கார்ந்திருந்தார். ஊஞ்சல் சங்கிலியின் கிறீச்சொலி ஒன்று போதும், கணக்கு மாறிவிடும். அளந்து முடித்ததும் முடிவைப் படிக்க வேண்டும். இயந்திரம் சில சமயம் முன் பெட்டிகளை ‘லார்ஜ்’ என்று எழுதிவிடும், அதைக் கையால் ஸ்மால் ஆக்கிவிடுவேன். மார்பிள் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட கூடத்தில் மைக் கண்டுபிடிக்கும் எந்தத் திருத்தத்தைவிடவும் ஒரு கனத்த ஜமுக்காளமும் திரைச்சீலையும் அதிக வேலை செய்யும்.

2012 டிசம்பர் 12 அன்று ‘சிவாஜி’ முப்பரிமாணத்தில் மறுபடி வந்தபோது டால்பி அட்மாஸ் ஒலியோடு வந்தது. சத்யம் தியேட்டரில் பார்த்தேன். தலைக்குமேல் ஒலி நகர்ந்ததைக் கேட்டபோது, இனி சேனல் என்ற சொல்லே பழசாகிவிடும் என்று தோன்றியது. அடுத்த மாதங்களில் ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி என்ற வேறொரு முறையில் உயரத்தைத் தொட்டது. அட்மாஸில் ஹெலிகாப்டரின் ஒலி எந்தப் பெட்டிக்கு என்று எழுதப்படுவதில்லை. அறையில் எந்த இடத்தில் அது இருக்க வேண்டும் என்று எழுதப்படுகிறது. எந்தப் பெட்டியில் எவ்வளவு என்பதை அந்தந்த அறையின் ரிசீவர் கணக்கிட்டுக்கொள்ளும். 5.1.2 என்றால் கடைசி 2 மேலே உள்ளவை.

மேல்நோக்கிப் பாடி, கூரையில் மோதித் திரும்பும் ஸ்பீக்கர்களையும் விற்கிறார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டுக்கு அதைப் பொருத்தக் கூப்பிட்டார்கள். மெட்ராஸ் டெரஸ், தேக்குக் கட்டைகள் அடுத்தடுத்து ஓட, நடுவில் செங்கல் குத்திய உயரமான கூரை. ஒலி தட்டையாகத் திரும்ப அங்கே இடமே இல்லை. “இந்தக் கூரைக்கு இது வேணாம் சார், கட்டையிலேயே ரெண்டு சின்ன ஸ்பீக்கரைத் தொங்கவிட்டுடலாம்” என்றேன். தொங்கவிட்டோம், அருமையாக அமைந்தது. தட்டையான கான்கிரீட் கூரையும் எட்டு, ஒன்பது அடி உயரமும் இருந்தால் மேல்நோக்கும் பெட்டி வேலை செய்யும். மற்ற வீட்டுக்குக் காசு தண்டம்.

இப்போது தட்டு போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். படம் டிவிக்குள் இருக்கும் ஆப்பிலிருந்து வருகிறது. அதில் வருவது பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ், நெட்ஃபிளிக்ஸில் 5.1 அதிகபட்சம் 640 கிலோபிட், அட்மாஸ் 768. ஆப்டிகல் வயரில் டிஜிட்டல் பிளஸ் போகாது, டிவி அதைப் பழைய டால்பி டிஜிட்டலாக மாற்றித் தர வேண்டும். அட்மாஸ் அத்தோடு போயிற்று. எச்டிஎம்ஐ-யின் ‘ஏஆர்சி’ துளையில் மாட்டினால் அட்மாஸோடு சேர்ந்து போகும். ப்ளூ-ரேயின் இழப்பில்லாத தடங்களை டிவி வழியாக அனுப்பத்தான் ‘ஈஏஆர்சி’ தேவை. வெறும் ஆப் பார்க்கிறவர்கள் அதற்காக ரிசீவரை மாற்ற வேண்டாம். டிடிஎஸ் தடத்தை அடுத்த பெட்டிக்குக் கடத்தவே மறுக்கும் டிவிகளும் இருக்கின்றன. பென் டிரைவில் படம் வைத்திருப்பவர்கள் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரிசீவரை மாற்றலாமா, இன்னும் இரண்டு ஸ்பீக்கர் சேர்க்கலாமா என்று கேட்டு இன்றும் போன் வருகிறது. எல்லோரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. இன்றைக்குப் படம் போட்டதும் ரிசீவர் ரிமோட்டில் ‘இன்ஃபோ’ அல்லது ‘ஸ்டேட்டஸ்’ பொத்தானை அமுக்குங்கள். உள்ளே வரும் சிக்னல் என்ன என்று அது எழுதிக் காட்டும். படம் 5.1 என்று சொல்ல, அங்கே ‘பிசிஎம் 2.0’ என்று இருந்தால், டிவியின் சவுண்ட் மெனுவுக்குப் போய் ‘டிஜிட்டல் அவுட்’டை ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’வில் வையுங்கள். மறுபடி ஒருமுறை ‘இன்ஃபோ’வைப் பாருங்கள். ஆறு சேனலும் வந்த பிறகும் குறை இருந்தால் கடைக்குப் போகலாம்.